உடைத்துக் கொடுத்த கருப்பட்டி

மில்லர்புரத்தில் எங்கள் நிறுவனத்தின் புதிய கிளையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, அடுக்கிலிருந்து விழுந்து கிழிந்த ஒரு பொட்டலத்திலிருந்து கருப்பட்டி மணம் எழுந்தது. மண்டல மேலாளராகிய நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்பாவின் மளிகைக் கடை இதற்கு அடுத்த தெருவில் இருந்தது. உடன்குடியிலிருந்து ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்கள் வந்திறங்கும் நாளில் கடை முழுவதும் புகையும் இனிப்பும் கலந்த மணம் நிறையும். வாங்க வருவோர் கண்முன்னே அப்பா ஒரு கருப்பட்டியை உடைத்து, துண்டொன்றைச் சுவைக்கக் கொடுத்த பிறகே தராசைத் தொடுவார்.

“அண்ணாச்சி, போன தடவ சீனி கலந்ததத் தந்துட்டிய,” என்பாள் ஒருத்தி.

“ஏளா, நாக்குல வச்சுப் பாரு. சீனி இருந்தா கடையவே எடுத்துக்க.”

“கடைய எடுத்தா ஒங்களையுமில்லா சேத்து மேய்க்கணும்!”

அண்ணன் அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்து சிரிப்பார். அப்பாவுக்குப் பின் கடையை அவரே நடத்தினார். நான் படித்து, இந்தப் பல்பொருள் அங்காடி நிறுவனத்தில் சேர்ந்து உயர்ந்தேன். இக்கிளை திறந்தபின் அவர் கடைக்கு ஆள் வரவில்லை. சென்ற மாதம் மூடிவிட்டார்.

“ஏலே தம்பி!”

திரும்பினேன். அண்ணன் நின்றிருந்தார்.

“இங்கன எனக்கொரு வேல போட்டுத் தருவியால?”

“வயசு வரம்பு இருக்குண்ணே. முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாவ.”

“வாசல்ல காவலுக்காவது?”

காவல் பணி வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தம். அங்கே என் சொல் செல்லாது. அதையும் சொன்னேன்.

“சரில. வந்தது வந்தாச்சு,” என்றவர், உப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு பணம் கட்டும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.