ஜூஜுவாடியில் இரண்டு பாயசம்

1955, ஆகஸ்ட் பதினைந்து. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போகும் எங்கள் பஸ், மைசூர் எல்லைக்குச் சற்று முன்னால் ஜூஜுவாடியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிற்கிறது. சாலையோரக் காபிக் கடையில் காகிதக் கொடி படபடக்கிறது. கடைக்கார அம்மாள் இறங்கியவர்களுக்கெல்லாம் பாயசம் ஊற்றித் தருகிறாள். அவள் கணவர் மட்டும் தொடவில்லை.

"சுதந்திர தினமாச்சே, நீங்க சாப்பிடலையா?" என்று கேட்கிறேன்.

"நான் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளிங்க. நாப்பத்தேழுல இந்த நாள்ல வெள்ளைக்காரன் போயிட்டான். எங்க மைசூர் சீமையில மகாராஜா ஆட்சி போகல. மக்கள் ஆட்சி வேணும்னு அடுத்த மாசம் கொடி தூக்குனோம், புடிச்சு ஜெயில்ல போட்டாங்க. சுதந்திரம் வந்தப்புறம் ஜெயிலுக்குப் போனவன் நானு."

இப்படி ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை. "அப்ப உங்களுக்கு எப்பக் கிடைச்சுது?"

"ஐப்பசியிலதான். ராஜா எறங்கி வந்து மக்கள் ஆட்சிக்கு ஒத்துக்கிட்டாரு, எங்கள வெளிய விட்டாங்க."

"அந்த நாளுக்கு என்ன பேரு?"

"பேரு யாரும் வைக்கலீங்களே."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். என் கையில் டம்ளரைக் கொடுத்தபடி அந்த அம்மாள் சொல்கிறாள்: "இவரு வூட்டுக்கு வந்த நாளுங்க அது. அன்னைக்கும் பாயசம் வெக்கறேன். அது வெளியாளுக்கு இல்லீங்க."