புறங்கைக்குத் தெரியாத சூடு

இன்று காலை சிராங்கூன் ரோட்டில் தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வகுப்பில் கத்திக் கத்திக் குரல் போய் மூன்று வாரமாகிறது.

டாக்டர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கழுத்தைக் கோணிக்கொண்டு என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, தொண்டைக்குள் விடும் சின்னக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சூடு அதிகமா என்று தன் புறங்கையில் வைத்துப் பார்த்தார்.

“சரியா இருக்கு. வாயைத் திறங்க சார்.”

உதட்டில் பட்டதும் துள்ளி எழுந்துவிட்டேன். நெருப்பு!

அவர் புறங்கையைப் பார்த்தேன். வட்டமாகச் சிவந்திருந்தது. பக்கத்திலேயே மூன்று நான்கு பழைய வட்டங்கள்.

“உங்களுக்குச் சுடலையா டாக்டர்?” வெறும் காற்றாகத்தான் கேட்டேன்.

“கழுத்து வலி லா. இருபது வருஷமா குனிஞ்சே வேலை. இப்ப கைக்கு இறங்கி மரத்துப் போச்சு” என்று சிரித்தார். கண்ணாடியை ஆறவிட்டு என் தொண்டையைப் பார்த்து முடித்தார். கழுத்து திரும்பாததால் நாற்காலியோடு திரும்பி நர்ஸிடம், “தொண்டையில சின்னக் கட்டி. சாருக்கு வியாழக்கிழமை நானே ஆபரேஷன், எழுதிக்கம்மா” என்றார்.

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார்.

அதுவரை நான் பேசவே கூடாதாம். அதனால்தான் இதை எழுதி நம் ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை போகவா, வேண்டாமா? கீழே எழுதுங்கள்.

கைராசிக்காரர் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்லித்தானே என்னை அங்கே அனுப்பினீர்கள்!