நிற்காத ரயிலுக்கு ஆரத்தி

திண்டுக்கல், அக்கரைப்பட்டி, எங்கள் ஊர், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, பழனி. சின்ன வயதில் யார் கேட்டாலும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். எங்கள் ஊர் ஸ்டேஷன் என்பது வேப்பமரத்தடியில் ஒரு மஞ்சள் பலகையும் ஒரு சிமெண்டு பெஞ்சும்தான். ஆனாலும் மீட்டர்கேஜ் ரயில் அங்கே நின்றது. தக்காளிக் கூடைகளையும் பழனிக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. பிறகு அகலப் பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வருஷக்கணக்கில் வெறும் ஜல்லிதான் கிடந்தது.

பாதை முடிந்து ரயில் வரப்போகிற சமயத்தில் அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். திண்டுக்கல்லில் காலேஜ் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளைவிட அம்மாவுக்குப் பிடிவாதம். அப்பாவுக்கோ அவளை அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். அதை அம்மா முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை.

"பஸ்ஸு மாறி மாறிப் போறதெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு ஆகாது. ரயிலு வரட்டும், ரயில்ல போகட்டும். நானா வேணாங்கிறேன்?" என்று ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

முதல் ரயில் வந்த அன்று ஊரே திரண்டது. எங்கள் பக்கம் பஸ்ஸோ டிராக்டரோ எது புதிதாக வந்தாலும் மாலை போட்டு ஆரத்தி எடுக்காமல் விடமாட்டோம். அப்பாவே தோட்டத்து வாழையை வெட்டி வந்து பெஞ்சின் இரண்டு பக்கமும் கட்டினார். ஆளுயரத்துக்குச் சம்பங்கி மாலை. இன்ஜினுக்கு அதை யார் போடுவது என்று இளவட்டங்களுக்குள் அடிதடி. ரயில் இங்கே நிற்குமா என்று மட்டும் ஒருத்தரும் விசாரிக்கவில்லை. முன்பு நின்றது, இனியும் நிற்கும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

ஹாரன் கேட்டது. அம்மா சூடத்தைப் பற்றவைத்தாள். திண்டுக்கல்லில் போட்ட மாலையோடு வந்த ரயில், வந்த வேகத்திலேயே போனது. சூடம் அணைந்தது. ஆரத்தித் தண்ணீர் அம்மா சேலையெல்லாம் தெறித்தது. ஜன்னலிலிருந்து யாரோ கையாட்டினார்கள். நாங்களும் கையாட்டித் தொலைத்தோம்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

"என்ன செய்ய? நம்ம குடுத்துவச்சது அம்புட்டுத்தேன்" என்றார் அப்பா. வாழையை அவிழ்க்கும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "ரயில்லதான போகச் சொன்னீக? இங்கன நிக்காட்டி என்ன, அக்கரைப்பட்டியில நிக்கும். அங்க போயி ஏறிக்கிருவா."

"அம்புட்டுத் தூரமா? யாரு கூட்டிட்டுப் போறது?"

"ஏன், எனக்குக் காலு இல்லையா?"

ஊர் முன்னால் சொன்ன வார்த்தையை அப்பாவால் விழுங்க முடியவில்லை. காலேஜ் திறந்த அன்று அம்மா விடியுமுன் பால் கறந்து வைத்துவிட்டு, அக்காவோடு மண்பாதையில் நடந்தாள். சாயங்காலம் மறுபடி போய் அழைத்து வந்தாள். படிப்பு முடியும்வரை அப்படித்தான். அந்த ரயிலில் அம்மா ஒரு நாளும் ஏறியதில்லை.

காலேஜ் திறந்த அந்த முதல் நாள் காலையில் நான் தெருவையே கூட்டி அழுதேன். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அம்மா இரண்டு ஜோடிப் புதுச் செருப்பை எடுத்தாள். தனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. எனக்கு இல்லை.

"ரயிலு வர்றதுக்கு முந்தின சந்தையிலயே வாங்கியாச்சுடி. இப்ப அழுது என்ன செய்ய?" என்றாள்.

எனக்கு வாங்கவில்லை என்பது மட்டும்தான் அன்று என் காதில் விழுந்தது. நிற்காது என்று தெரிந்தேதான் அவள் அந்த ரயிலுக்குச் சூடம் ஏற்றினாள் என்பது விழவில்லை.