பூனை வீட்டுக்காரர்

சுரண்டையை விட்டு மூன்று மைல் நடந்திருந்தேன். அங்கே சமையல் வேலை செய்யும் ஒரு தவசிப்பிள்ளையிடம் எடுபிடியாக இருந்தபோது, கல்யாணச் சாம்பாரில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஊருக்கு நான் 'ரெட்டை உப்பு'. அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் கிளம்பினேன்.

தென்காசிச் சாலையில் ஒரு காஷ்மீர்க்காரர் கூடச் சேர்ந்துகொண்டார். குற்றாலத்தில் சீசனுக்குச் சால்வை விற்க வருடாவருடம் வருகிறவர். மருதாணி போட்ட தாடி. சாரலில் குடையை முதுகிலிருந்த மூட்டைக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்தார். என் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"எங்க வம்சப் பேருக்குப் பூனைன்னு அர்த்தம், தம்பி. பாட்டனுக்குப் பாட்டன் பக்கத்து வீட்டுப் பாலைக் குடிச்சிட்டான். ஊரே பூனைன்னு கூப்பிட்டுச்சு. ஆத்தைத் தாண்டி வேற ஊர் போனான். பேரு அவனுக்கு முந்தியே படகுல போயிருச்சு. இப்ப ஒரு தெரு முழுக்கப் பூனைதான்."

"மாத்திக்கிட வேண்டியதுதான பாய்?"

"எதுக்கு? என் பேருல அங்கன பத்துப் பேரு இருக்கான். பூனை வீடுன்னு எழுதினாத்தான் கடுதாசி என் பொண்டாட்டி கைக்குப் போகுது."

தென்காசியில் அவர் குற்றாலப் பாதையில் பிரிந்து போனார். ஒரு பால் திருடனின் பேரை அத்தனை செல்லமாகச் சொன்ன அவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை அங்கே இட்லி வேகும் ஒரு கிளப்புக்கடையில் வேலை கேட்டேன். சுரண்டையில் பார்த்த வேலையை ஏன் விட்டாய் என்றார் முதலாளி. ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சரிலே, மாவாட்டு. உப்ப நான் போடுதேன்" என்றார்.