வண்டிக்குத் தைத்த சட்டை

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஆயுத பூஜை அன்று நடந்தது இது. திருப்பூர் நல்லூரில் நானும் என் கணவரும் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி வாசலில், பட்டப்பகலில், எல்லோரும் கைகூப்பி நின்றுகொண்டிருந்த நேரத்தில் நடந்தது. நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயமும் வருகிறது.

என் கணவர் கட்டிங் மாஸ்டர். நான் கறை எடுக்கும் மேஜையில் இருக்கிறேன். தைத்து வரும் துணியில் மெஷின் எண்ணெய் பட்டிருந்தால், துப்பாக்கி போன்ற ஒரு சாதனத்தில் மருந்தைப் பீய்ச்சி அடித்துக் கறையைப் போக்குவது என் வேலை. அந்த மருந்துக்கு ஒரு வாடை உண்டு. கிட்டத்தட்ட பெட்ரோல் வாடைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலை சுற்றியது. அப்புறம் என் மூக்கு ராஜினாமா செய்துவிட்டது. இப்போது என் சேலை, தலைமுடி, சாப்பாட்டுப் பை எல்லாமே அந்த வாடைதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். நானும் கண்டுகொள்ள மாட்டேன்.

அந்த வருடம்தான் புது பைக் எடுத்தோம். வண்டி வந்த நாளிலிருந்து என் கணவர் அதற்குக் காட்டிய பாசத்தில் பாதியை எனக்குக் காட்டியிருந்தால் நான் இன்னும் நாலு பேரிடம் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருப்பேன். டேங்க்கில் ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாது என்று அவர் படுகிற பாட்டைப் பார்த்து, நானே அதற்கு ஒரு உறை தைத்தேன். எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? குழந்தைகளின் குளிர்கால சட்டைக்கு வெட்டியதில் மிஞ்சிய கருநீலத் துணி, உள்ளே பஞ்சு போல மெத்தென்று இருக்கும். அதை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரத்தில் இறுக்கமாக எலாஸ்டிக் கொடுத்து, பெட்ரோல் ஊற்றும் மூடிக்கு மட்டும் ஒரு திறப்பு விட்டு, வெயில் கண்ணாடி வைத்துக்கொள்ள முன்னால் ஒரு பையும் வைத்து, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துக் கொடுத்தேன். கம்பெனியே வந்து பார்த்தது. வண்டிக்குச் சட்டை போட்டுவிட்டாள் என்று கேலி செய்தவர்கள்கூட, தனியாக வந்து தங்கள் வண்டிக்கும் ஒன்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு புதுப் பிரச்சினை தொடங்கியது. நாங்கள் இருப்பது ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடு. வண்டியை எங்கள் கதவை ஒட்டித்தான் நிறுத்துவோம். ராத்திரி படுக்கும்போது வாடை ஆளைத் தூக்குகிறது என்று என் கணவர் புலம்பினார்.

"ஏம்புள்ள, உன்ற சீலையக் கொண்டுபோயி வெளிய தொங்கப் போடு. ஊடே பெட்ரோல் பங்க்காட்ட நாறுது" என்பார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சோப்பை மாற்றினேன். கம்பெனியிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்தேன். சேலையைத் தனி வாளியில் ஊறவைத்தேன். வாடை போகவில்லை என்றே சொன்னார். மேஜையை மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். என் கணவருக்கோ வேறு கவலை. வண்டி மைலேஜ் தரவில்லை. பங்க்கில் அளவு குறைக்கிறார்கள் என்று சொல்லி வேறு பங்க்குக்கு மாறினார். அப்புறம் அதற்கும் பக்கத்துப் பங்க்குக்கு மாறினார். இரண்டு பேர் கவலையும் ஒன்றுதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தார். பூஜை முடிந்ததும் கணியூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு வண்டியிலேயே போவதாகத் திட்டம். காலையில் வண்டியைத் தேய்த்துக் கழுவினார். உறையைக் கழற்றிவிட்டு டேங்க்கில் சந்தனம் வைக்கலாம் என்று சொன்னார். நான் விடவில்லை. சந்தனத்தை ஹெட்லைட்டில் வையுங்கள், உறை இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்றேன். உறையின் ஓரம் ஈரமாகத்தான் இருந்தது. வண்டி கழுவிய தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் வாழைக்கன்று கட்டி, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூஜை தடபுடலாக நடந்தது. உள்ளே முடித்துவிட்டு, முதலாளியின் மனைவி கற்பூரத் தட்டோடு வண்டிகளுக்குக் காட்ட வெளியே வந்தார். கம்பெனி வேனில் ஆரம்பித்தார். அதற்கு அடுத்து மதில் ஓரமாக, வெயிலில் வரிசையாக பைக்குகள். புதுசு என்பதால் எங்கள் வண்டிதான் முதலில் நின்றது.

என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி காலையிலிருந்தே ஒதுங்கி நின்றாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண், ஓவர்லாக் டெய்லர். சாம்பிராணிப் புகைக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்து, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் வண்டிப் பக்கத்தில் நிறுத்தினேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யக்கா, பெட்ரோல் வாட தாங்க முடியலக்கா."

"அது என்ற சீலை வாடை கண்ணு. தெரியாதா உனக்கு?" என்றேன், பழக்க தோஷத்தில்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கட்டியிருக்கது புதுச் சேலையில்லக்கா?"

ஆமாம். அன்றைக்குத்தான் மடிப்புப் பிரித்துக் கட்டியிருந்தேன். கறை எடுக்கும் மேஜைப் பக்கமே போகவில்லை. அப்புறம் எங்கிருந்து வாடை? நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். உறையின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். முதலாளியின் மனைவி வேனுக்குக் காட்டி முடித்து, கொழுந்துவிட்டு எரியும் கற்பூரத்தோடு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"நெருப்பக் கொண்டு வராதீக! பெட்ரோலு ஒழுகுது! வராதீக!"

என் தோழியின் மெலிந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். மணியடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். முதலாளியின் மனைவி அப்படியே நின்றார். பின்னால் யாரோ ஊதி அணைக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

"கற்பூரத்தைய வாயில ஊதுவாங்களா? அறிவிருக்குதா?" என்று அந்த நிலைமையிலும் அவர் திட்டினார். தட்டைக் கீழே வைக்கவும் பயம். முகம் எங்கள் வண்டியைப் பார்த்தபடியே, பின்பக்கமாகவே நடந்து, கேட்டைத் தாண்டி, ரோட்டையும் தாண்டிப் போய்விட்டார். எதிர்க் கம்பெனி வாட்ச்மேன் தனக்குத்தான் ஆரத்தி வருகிறது என்று எழுந்து, பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கற்பூரம் அங்கேயே எரிந்து தீர்ந்தது.

என் கணவர் வண்டியைப் பக்கத்துக் காலி இடத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். அங்கே போய் உறையை உரித்தார். துவைத்த துணி போலக் கனத்தது அது. நான் பெருமையாக இரண்டு மடிப்பு வைத்தேன் அல்லவா, அத்தனையும் பெட்ரோலைக் குடித்து வைத்திருந்தது. டேங்க்கின் அடியில், வெல்டிங் வைத்த இடத்தில் முடி போல ஒரு விரிசல். இத்தனை நாள் கசிந்ததை என் உறை உறிஞ்சிக்கொண்டு வெளியே தெரியாமல் காப்பாற்றியிருக்கிறது. அன்று டேங்க் நிறைய பெட்ரோல், மேலே வெயில் வேறு. உறையால் தாங்க முடியவில்லை. கற்பூரம் இன்னும் நாலடி கிட்டே வந்திருந்தால் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் கருகியிருப்போம்.

திரும்பிப் பார்த்தால் என் தோழி மதில் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டு ஓடினோம். வெறும் தட்டோடு திரும்பி வந்த முதலாளியின் மனைவி அவளை ஒரு பார்வை பார்த்தார். புகையைக் கண்டால் ஒதுங்கியது, மூக்கைப் பொத்தியது, இப்போது வாந்தி. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் கண்ணு, ஏதாவது விசேஷமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆருட்டயும் சொல்லிராதீகம்மா" என்றாள். சுற்றி நின்றது தையல் செக்‌ஷன் மொத்தமும்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் அழுதுவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லையாம். இந்தத் தடவை ஐந்தாம் மாதம் வரை ஊரில் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை என்று அவளும் புருஷனும் முடிவு செய்திருந்தார்களாம். எங்களுக்காகக் கத்தப் போய், கட்டிக் காத்த ரகசியம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. எல்லார் கண்ணும் பட்டுவிடுமே என்று தேம்பினாள். எங்கள் உயிரைக் காப்பாற்றியதற்கு நாங்கள் அவளுக்குக் கொடுத்த பரிசு இதுதானா என்றிருந்தது.

முதலாளியின் மனைவி உள்ளே போய், கம்பெனிக்குத் திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கி வந்தார். அவளை எழுப்பிக் கிழக்கே பார்க்க நிறுத்தி, தலையைச் சுற்றினார்.

"ஏனுங்க, இதையக் கொண்டுபோயி ரோட்டுல ஒடைங்க."

முதலாளி தயங்கினார். "அப்பறம் கம்பெனிக்கு?"

"கம்பெனிக்கு வேற வாங்கிக்கலாம். போங்க நீங்க."

பூசணிக்காய் சிதறிய சத்தத்தில் அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

அன்று ஒரு மெக்கானிக்கும் கிடைக்கவில்லை. ஊரில் அத்தனை ஸ்பேனருக்கும் சந்தனம் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோலைக் காலி இடத்திலேயே வடித்து, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். பொரி கடலையோடு பெட்ரோலும் கிடைத்த ஆயுத பூஜை எங்கள் கம்பெனியில் மட்டும்தான் நடந்திருக்கும். கணியூருக்கு பஸ்ஸில் போனோம். உடுமலை தாண்டியதும் என் கணவர், "உன்ற சீலைய வீணாத் திட்டிப்போட்டேன் புள்ள" என்றார். அதை அப்போதே போனில் பதிவு செய்யாமல் விட்டது என் தப்பு.

லீவு முடிந்து ஷோரூமுக்குப் போனோம். அங்கே இருந்தவர், வழிய வழிய ஊற்றியிருப்பீர்கள், அதுதான் ஒழுகியிருக்கும் என்று ஆரம்பித்தார். என் கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து உறையை அவர் மேஜை மேல் வைத்தேன். ஏசி போட்ட இடம். புது வண்டி பார்க்க வந்தவர்கள் எல்லாம் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். மறு பேச்சில்லாமல் புது டேங்க் மாற்றித் தந்தார்கள். அந்தப் பையை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

என் தோழிக்குக் கோடையில் ஆண் குழந்தை பிறந்தது. மிச்சமிருந்த அதே கருநீலத் துணியில், சுத்தமான துண்டாகப் பார்த்து எடுத்து, அவனுக்குக் குல்லாவும் சட்டையும் தைத்துக் கொடுத்தேன். இப்போது நடக்கிறான். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அந்த வண்டியிடம்தான் போய் நிற்கிறான். பிறப்பதற்கு முன்னாலேயே மோப்பம் பிடித்து எங்களைக் காப்பாற்றிய பையன் என்று என் கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

நான் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறேன், அதே வாடைதான். ஆனால் வீட்டில் யாராவது ஏதோ வாடை வருகிறதே என்று சொன்னால், என் சேலையாகத்தான் இருக்கும் என்று பழியை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், இப்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன்.