குளவியும் ரயில் சாதிதான்

"ஸ்... யாரும் அசையாதீங்க!"

பாறைப் படிக்கட்டின் பாதியில் ஹீன்பண்டா கையை உயர்த்துகிறார். பின்னால் வருகிற கூட்டம் தூக்கிய காலோடு நிற்கிறது. ஒரு குளவி அவர் காதோரமாக ரீங்கரித்துக்கொண்டு கடக்கிறது.

"குரல் இறங்கிருச்சு. போயிருச்சு. இப்ப நடங்க."

சுற்றுலா வந்தவர்கள் அவரைக் கும்பிடாத குறை.

தம்புள்ளைப் பக்கத்தில் எங்கள் பாறைக்கு அவர்தான் வழிகாட்டி. பாறைமேல் கோட்டை கட்டிய ராஜாவின் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவார். குளவிக்கு அரை மணி நேரம். "ரயில் கிட்ட வர்றப்ப ஹாரன் கீச்சுன்னு கேக்கும். தாண்டினதும் கம்மிப்போயிரும். குளவியும் ரயில் சாதிதான் மாத்தயா!" இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர், அதைக் கண்டுபிடித்தவரும் டாப்ளர்தான் என்று ஒருவர் சொன்னபோது, "அந்தாளு நம்ம பாறைக்கு எப்ப வந்தான்?" என்று கேட்டார்.

படிக்கட்டில் டிக்கெட் சரிபார்க்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குளவி காதைத் தாண்டிய பிறகுதானே குரல் இறங்குகிறது? நடந்து முடிந்ததைச் சொல்கிற ஜோசியம் எப்படிப் பொய்க்கும்? ஆனால் அந்தக் காக்கிச் சட்டையின் மிடுக்குக்கு முன்னால் வாய் திறந்ததில்லை.

போன மாதம் ஸ்ரீயாலதா டீச்சர் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்திருந்த அன்று, எதனாலோ குளவிக் கூடு கலைந்தது. வானம் இரைந்தது.

"பயப்படாதீங்க! ஒண்ணு போயிருச்சு... இந்தா, இன்னொண்ணும் போயிருச்சு!" என்று ஹீன்பண்டா படியில் நின்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

"போனதை விடுங்க, வர்றது எத்தனைன்னு சொல்லுங்க!" என்று கத்திய டீச்சர், குளவி வந்தால் ஒதுங்குவதற்காகப் படியோரம் கட்டியிருக்கும் வலைக்கூண்டுக்குள் பிள்ளைகளைத் தள்ளினார். நானும் பின்னாலேயே ஓடிப் புகுந்தேன்.

அப்போது ஒரு குளவி ஹீன்பண்டாவை நோக்கி நேராக வந்தது. குரல் இறங்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அது இறங்கவே இல்லை. தாண்டிப் போகிறதுக்குத்தானே இறங்கும்; இது காதிலேயே உட்கார்ந்துவிட்டது. அலறியவரின் சட்டையைப் பிடித்து டீச்சர் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹீன்பண்டாவின் காது மட்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியது.

"அது பறக்கிறப்ப சரியாத்தான் சொன்னேன். நின்னுருச்சுன்னா நான் என்ன பண்றது?" என்றார் முனகலாக.

"நின்னது எங்கன்னு பாத்தீங்களா?" என்றார் டீச்சர்.

மூன்றாம் நாள் ஹீன்பண்டா வேலைக்கு வந்தார். காலையிலேயே காலி நகரத்திலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து சேர்ந்தது. "மாமே, போகலாமா?" என்று கேட்டார்கள்.

"நீங்க முன்னால போங்க பிள்ளைகளே, நான் இங்கருந்தே கேட்டுச் சொல்றேன்" என்று வலைக்கூண்டுக்குள் நுழைந்து, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.