பக்கத்து வீட்டுப் படிகள்

மாடிப்படி ஏறுவதற்கு முன் பொன்னியம்மாள் புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். வலது கையின் நடுவிரல் மட்டும் சுவரில் படும்; மற்ற விரல்கள் மடங்கியிருக்கும். எட்டுப் படி, ஒரு திருப்பம், பிறகு ஆறு. உதடு அசையாமல் எண்ணுவாள். மேலே போய்ச் சேர்ந்ததும் சுவரை இரண்டு முறை தட்டுவாள், யாரோ திறப்பார்கள் என்பதுபோல.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருந்தது.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்ற இரட்டை வீடு அது. ரயில்வே காண்ட்ராக்ட் எடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் இரண்டு மகள்களுக்காகக் கட்டினார் என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து முகப்பில் ஒரே முக்கோணம். அதைத் தாங்க, தலையில் இலை செதுக்கிய ஆறு உருண்டைத் தூண்கள். இங்கே கதவு வலது ஓரம் என்றால் அங்கே இடது ஓரம். ஜன்னல், மாடம், தேக்குப் படிக்கட்டு எல்லாமே கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். இடது வீட்டைப் பொன்னியம்மாளின் மாமனார் நிலம் விற்று வாங்கினார். வலது வீடு எண்பதாம் வருஷத்திலிருந்து பூட்டிக் கிடந்தது.

சர்க்கரை அவள் கண்ணைத் தின்று இரண்டு வருஷமாகியிருந்தது. வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் குமரவேல் நாவலூர் அபார்ட்மெண்டுக்குக் கூட்டிப்போய்விடுவான். ஒன்பதாம் மாடியில், கால் அறியாத தரையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த வீடென்றால் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது.

படிகளை எண்ண ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சத்தம். அவள் ஒரு படி ஏறினால் சுவருக்கு அப்பாலும் ஒரு படி. கொஞ்சம் பிந்தி வரும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் எதிரொலிக்கு மூச்சு வாங்காது. முதல் வாரம் பயந்து கீழேயே படுத்தாள். அப்புறம் பழகிவிட்டது. சுவரைத் தட்டுவதும் அதற்காகத்தான். பதிலுக்கு யாரும் தட்டியதில்லை.

2006, தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை குமரவேலும் மருமகள் ஹேமாவதியும் வந்தார்கள். முந்தின நாள் அவன் அனுப்பிய ஆட்கள் மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்கி எடுத்துப்போயிருந்தார்கள். மாடியில் தூசி அடங்கட்டும் என்று அன்றிரவு பொன்னியம்மாள் கீழேயே படுத்திருந்தாள்.

ஹேமாவதி நீட்டிய காபி டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போனது பொன்னியம்மாளின் கை.

"அம்மா, உண்மையைச் சொல்லு. கண்ணு தெரியுதா, இல்லியா?"

"இன்னாடா பேச்சு இது? உன் தொப்ப தெரியுது, போதுமா? போன மாசத்துக்கு இப்ப பெருத்துகீது."

ஹேமாவதி சிரித்துவிட்டாள். "அத்தை சொல்றது கரெக்ட்தாங்க."

குமரவேல் சிரிக்கவில்லை. "மேல ஆணியில சாவிக்கொத்து மாட்டியிருக்கு. எடுத்துட்டு வா. எங்கயும் நிக்காம, தடவாம போய்ட்டு வந்துட்டா நீ இங்கயே இரு. இனிமே கேக்கவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. கொசுவத்தைச் செருகிக்கொண்டாள். இன்று விரலைக்கூடச் சுவரில் வைக்கவில்லை. குமரவேல் மூன்று படி பின்னால் வந்தான்.

ஒன்று. அப்பால் ஒன்று. இரண்டு. அப்பால் இரண்டு. எட்டில் திரும்பினாள். ஒன்பது.

அப்பாலும் ஒன்பது. அதன்பின் ஒரு சின்னச் சத்தம், காலை எடுத்துவிட்டு, வைக்காமல் மறுபடி அதே படியில் ஊன்றியதுபோல.

இரண்டு வருஷத்தில் அது அவள் நிற்பதற்கு முன் நின்றதே இல்லை.

தூக்கிய கால் அந்தரத்தில் இருந்தது. வைத்தால் வீடு அவளுடையது. பின்னால் மகனின் மூச்சு கேட்டது. சுவருக்கு அப்பால் மூச்சே இல்லை.

காலை இறக்கி அதே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலடா. கண்ணு தெரியலடா எனக்கு."

அவன் சாவியை எடுக்க அவளைத் தாண்டப் போனான். அவள் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "பத்தாவதுல கால வெக்காத."

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது பலகை. குனிந்து கையால் அழுத்தினான். ஒரு பக்கம் எழும்பி, கவிழ்ந்து, கீழே இருட்டில் விழுந்தது. பீரோ இறக்கியவர்கள் நெம்பிவிட்டுச் சொல்லாமல் போயிருந்தார்கள்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அது நின்னுடுச்சே."

பதறிப் பேசுகிறாள் என்று நினைத்துக் கைத்தாங்கலாக இறக்கிவந்தான். கீழே ஹேமாவதியிடம் கேட்டான்: "பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்களா? படியேறுற சத்தம் கேட்டுதே."

அன்று சாயங்காலமே பொன்னியம்மாள் நாவலூருக்குப் போனாள். புறப்படும்போது பொதுச் சுவரை இரண்டு முறை தட்டினாள்.

ஆடியில் இரண்டு வீடுகளையும் ஒருவரே வாங்கி இடித்தார். இடிக்க வந்த மேஸ்திரி சின்னப்பன் வலது வீட்டின் பூட்டை உடைத்து உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, மிச்சச் சாமான்களை எடுக்க வந்திருந்த குமரவேலிடம் ஏணி கேட்டார்.

"மாடிக்கு ஏற வழி இல்ல சார். இந்த வூட்ல படியே கெடையாது."

பூட்டிய வருஷமே அந்தத் தேக்குப் படிகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்களாம்.